பதின்மூன்று பேருக்குக் காட்டாத கணக்கு

மதிப்பிற்குரிய ட்ரினிடாட் - டொபேகோ கால்பந்துச் சங்கத் தலைவர் கீரன் எட்வர்ட்ஸ் அவர்களுக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் நாட்டைச் சேர்ந்தவன் இல்லை. வட சென்னையின் மண் கிரவுண்டில் பந்து ஆடி வளர்ந்தவன். பதினைந்து வருஷம் ஸ்டாப்பர் பேக்காக, அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரனாக நின்றவன். உங்கள் தீவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் 2006 ஜூன் 15-ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்கு, எங்கள் தெருமுனை வீடு ஒன்றில் இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு உங்கள் நாட்டுக்காகத் தொண்டை வற்றக் கத்தினோம். அன்று என் கண் முழுக்க உங்கள் சென்டர் பேக் ஒருவர் மேல்தான் இருந்தது. பிரென்ட் சாஞ்சோ. அன்றிலிருந்து அந்த மனிதரின் வாழ்க்கையை விடாமல் கவனித்து வருகிறேன். உங்களிடம் நான் கேட்க வந்திருப்பதெல்லாம் அவர் வாழ்க்கையைப் பார்த்துப் பார்த்து என் மனதில் சேர்ந்தவை.

அந்த ஆட்டம் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். இருந்தாலும் ஒரு தடுப்பாட்டக்காரன் அதை எப்படிப் பார்த்தான் என்று சொல்லிவிடுகிறேன். உலகக் கோப்பைக்கு அதுவரை வந்த நாடுகளிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியது உங்களுடையது. 13 லட்சம் பேர். ஐந்து நாள் முன்பு டார்ட்முண்டில் ஸ்வீடனுடன் ஆடியபோது, வார்ம்-அப்பிலேயே கோல்கீப்பர் கெல்வின் ஜாக்குக்குக் காயம். கடைசி நிமிஷத்தில் ஷாகா ஹிஸ்லப் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். இடைவேளை முடிந்து திரும்பியதும் ஏவரி ஜானுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேராக நின்று, இப்ராஹிமோவிச்சையும் லார்சனையும் பூஜ்யத்தில் நிறுத்தினீர்கள். அடுத்து நியூரம்பர்க்கில் இங்கிலாந்து. பெக்கம், லேம்பார்ட், ஜெரார்ட், ஓவன், கிரவுச். இவர்களுக்கு எதிரே நடுவில் நின்ற இரண்டு பேர் யார்? ஒருவர் டென்னிஸ் லாரன்ஸ், இங்கிலாந்தின் நான்காம் நிலை லீக்கில் ரெக்சம் அணிக்கு ஆடியவர். இன்னொருவர் சாஞ்சோ, மூன்றாம் நிலையில் கில்லிங்கம் அணிக்கு ஆடியவர். எண்பது நிமிஷத்துக்கு மேல் கோல் விழவில்லை. முதல் பாதி முடியும் நேரத்தில் ஸ்டெர்ன் ஜான் தலையால் முட்டிய பந்தை ஜான் டெர்ரி கோட்டிலிருந்து எடுத்திராவிட்டால் கதையே வேறு.

83-ஆவது நிமிஷம். பெக்கம் தூக்கிப் போட்ட பந்துக்குக் கிரவுச் எழும்பினார். எழும்பும்போதே சாஞ்சோவின் சடையைக் கையால் பிடித்து இழுத்தார். கோல். அந்த ஆட்டத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அந்தச் சடையோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அதற்கு முந்தைய 82 நிமிஷமும் அந்த மனிதர் எங்கே நின்றார், எப்போது நகர்ந்தார், கிரவுச்சின் உயரத்தைச் சமாளிக்க எத்தனை தடவை ஒரு அடி முன்னாலேயே பந்தைத் தட்டிவிட்டார் என்பதை நாங்கள் இருபது பேரும் பார்த்தோம். அடுத்த ஆட்டம் கைசர்ஸ்லாட்டர்னில், பராகுவேயுடன். 25-ஆவது நிமிஷத்தில் சாஞ்சோ தலையில் பட்ட பந்து சொந்த வலைக்குள் போனது. சேம்சைடு கோல் போட்டவன் அன்றிரவு எப்படித் தூங்குவான் என்று எனக்குத் தெரியும். மூன்று ஆட்டம், ஒரு புள்ளி. ஆனால் உங்கள் தீவில் அந்த அணிக்குக் கிடைத்த வரவேற்பு, கோப்பை வென்ற அணிகளுக்கே அரிது.

அந்த அணி ஊர் திரும்பிய பிறகு உங்கள் சங்கம் என்ன செய்தது என்பதுதான் இந்தக் கடிதம்.

நான் எதற்கு இதைக் கிளற வேண்டும், புதிய நிர்வாகம் வந்துவிட்டதே, அது வேறு காலம், வேறு ஆட்கள், பெயர்கூட அன்று 'சம்மேளனம்' என்று இருந்தது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம். 2024 ஏப்ரலில் தேர்தலில் வென்று வந்தவர் நீங்கள். 2006-இன் பாவம் உங்கள் கையில் இல்லை. ஆனால் உங்கள் மேஜையின் இழுப்பறை அதே இழுப்பறைதான். அந்தக் கணக்குப் புத்தகத்தின் வாரிசு நீங்கள்.

வீரர்களுக்குச் சொல்லப்பட்டது எளிமையான ஒரு வாக்கு: உலகக் கோப்பையால் வரும் வணிக வருவாயில் பாதி உங்களுக்கு. வாக்குக் கொடுத்தவர் அன்றைய சம்மேளனத்தின் சிறப்பு ஆலோசகர், ஃபிஃபாவின் துணைத் தலைவர் ஜாக் வார்னர். போட்டி முடிந்து கணக்கு வந்தது. வரவு 1 கோடியே 82.5 லட்சம் ட்ரினிடாட் டாலர். செலவு 1 கோடியே 79 லட்சம். ஆக மிச்சம் மூன்றரை லட்சம். அதைப் பங்கு போட்டு ஒரு வீரருக்கு 5,644 டாலர் 8 காசு என்றார்கள். அன்றைய மதிப்பில் சுமார் ஐந்நூறு பவுண்டு. அந்த எட்டுக் காசைப் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன். யாரோ ஒருவர் உட்கார்ந்து, காசு வரை கூட்டிக் கழித்து, கணக்கு சுத்தமாக இருக்கிறது என்று காட்டியிருக்கிறார்.

பிற்பாடு உங்கள் நாட்டின் அரசே வெளியிட்ட கணக்கில், உலகக் கோப்பையை ஒட்டி வந்த வரவு 17 கோடியே 30 லட்சம் டாலர். இதில் எவ்வளவு வணிக வருவாய், எவ்வளவு அரசு கொடுத்தது என்பதெல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டிய விஷயம்தான். ஆனால் 1 கோடியே 82.5 லட்சத்துக்கும் 17 கோடியே 30 லட்சத்துக்கும் நடுவில் இருப்பது கூட்டல் பிழை இல்லை.

இந்த இடத்தில் என் கதையை ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குப் போனோம். பஸ் சார்ஜும் பேட்டாவும் திரும்பி வந்ததும் தருகிறோம் என்றார்கள். கைக்காசு போட்டுப் போனோம். அரையிறுதி வரை ஆடினோம். திரும்பி வந்து கேட்டபோது ஸ்பான்சர் பணம் வரவில்லை என்றார்கள். ஸ்பான்சர் கடைக்காரரையே நேரில் பார்த்துக் கேட்டோம்; போட்டி தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட்டேன் தம்பி என்றார். மூன்று பேர் போய் மறுபடி கேட்டோம். அடுத்த வருஷத் தேர்வுப் பட்டியலில் அந்த மூன்று பெயரும் இல்லை. தொகை சில நூறு ரூபாய். எங்களில் ஒருவன் அதோடு பூட்ஸைக் கழற்றி வைத்தான். எங்கள் பகுதியில் அவனைப் போல இடதுகாலில் அடிக்கிறவனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. உங்கள் ஊர்க் கோடிகளையும் எங்கள் ஊர் நூறுகளையும் ஒரு தட்டில் வைக்கிறேனே என்று நினைக்காதீர்கள். கணக்குக் கேட்டவனைப் பட்டியலிலிருந்து எடுப்பது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. உங்கள் ஊரில் பதினாறு பேர் கேட்டார்கள்.

சாஞ்சோ அவர்களில் முன்வரிசையில் நின்றார். ஹிஸ்லப் நின்றார், ஜாக் நின்றார். லண்டனில் விளையாட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். பெயரெடுத்த சில பத்திரிகைகள் இவர்களைப் பேராசைக்காரர்கள் என்றன. தேசிய அணியின் கதவு சாத்தப்பட்டது. உலகக் கோப்பையில் நாட்டின் முதல் புள்ளியை வாங்கிக் கொடுத்தவர்களுக்கு அந்த நாட்டுச் சட்டை மறுக்கப்பட்டது. ஒரு கால்பந்து வீரனுக்கு நல்ல வருஷங்கள் பத்தோ பன்னிரண்டோதான். அதில் இரண்டை எடுத்துக்கொள்வது, ஒரு விவசாயியிடம் இரண்டு போகத்தை எடுத்துக்கொள்வது மாதிரி. பின்னால் பணமாகத் திருப்பித் தந்தாலும் அந்த மழை திரும்பி வராது.

2008-இல் தீர்ப்பு வந்தது: வணிக வருவாயில் பாதி வீரர்களுடையது. அதற்குப் பிறகும் பணம் வரவில்லை. மேல்முறையீடு, இழுத்தடிப்பு, ட்ரினிடாட் நீதிமன்றம். இடையில் சிலர் விலகினார்கள், பதினாறு பதின்மூன்றானது. 2011-இல் வார்னர் ஃபிஃபாவின் பொறுப்புகளை எல்லாம் விட்டு விலகினார். 2012-இல் உங்கள் சம்மேளன அலுவலகத்துக்குள்ளேயே ஜப்தி ஆட்கள் நுழைந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீரர்களிடம் கணக்கைக் காட்ட மறுத்த ஒரு சங்கம் நாற்காலிகளை இழந்தது. கடைசியில் 2014-இல் அரசு தலையிட்டுப் பொதுப்பணத்திலிருந்து அந்தப் பாக்கியைத் தீர்த்து வைத்தது. கவனியுங்கள்: கொடுத்தது ட்ரினிடாட் மக்கள். மைதானத்தில் டிக்கெட் வாங்கியவர்களே மறுபடியும் வரியாகக் கொடுத்தார்கள்.

அதே 2014-இல்தான் இன்னொன்றும் நடந்தது. இதை நான் ஒருபோதும் மறக்கப் போவதில்லை. உங்கள் பெண்கள் அணி உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்காக டல்லஸில் போய் இறங்கியது. மொத்த அணிக்கும் கையில் 500 அமெரிக்க டாலர். பந்து இல்லை. விமான நிலையத்திலிருந்து தங்குமிடத்துக்கு வண்டி இல்லை. பயிற்சியாளர் ராண்டி வால்ட்ரம் இணையத்தில் பொதுமக்களிடம் உதவி கேட்க வேண்டியதாயிற்று. அதைப் பார்த்துவிட்டு ஹைத்தி பெண்கள் அணி, நிலநடுக்கம் தின்ற நாட்டின் அணி, தங்களுக்காகத் திரட்டி வைத்திருந்த 1,316 டாலரை எடுத்து உங்கள் பெண்களுக்குக் கொடுத்தது. இல்லாதவள் வீட்டு அரிசியில் பக்கத்து வீட்டுக்குக் கஞ்சி போன கதை இது. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? ஈக்வடாருடன் கடைசித் தகுதி ஆட்டம் வரை போனார்கள். கீட்டோவில் 0-0. உங்கள் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கூடுதல் நிமிஷங்களில் விழுந்த ஒரே கோலில் உலகக் கோப்பை கைநழுவியது. எட்டு வருஷத்துக்கு முன் கணக்குக் கேட்டவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால், அந்தப் பெண்களுக்குப் பந்து இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். கணக்குக் காட்டும் பழக்கம் ஒரு வீட்டில் வந்துவிட்டால் அது எல்லா அறைக்கும் வரும்.

சாஞ்சோவுக்குத் திரும்புகிறேன். பெல்மான்ட்டில் பிறந்த பையன். 1989 நவம்பர் 19 அன்று, உலகக் கோப்பைக்குப் போக ஒரு டிரா போதும் என்ற நிலையில் அமெரிக்காவிடம் ஒரே கோலில் தோற்று உங்கள் நாடே அழுதபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அன்றும் அரங்கம் கொள்ளாத அளவுக்கு டிக்கெட் விற்றிருந்தார்கள். அன்றும் சங்கச் செயலாளர் வார்னர்தான். நியூயார்க்கில் கல்லூரி, பின்லாந்தில் ஆட்டம், ஸ்காட்லாந்தில் டண்டீ. டண்டீயில் அவர் ஆடிய காலம் அந்தக் கிளப் கடனில் மூழ்கித் தவித்த காலம். கிளப் என்பது சட்டையும் கொடியும் மட்டுமில்லை, சம்பளப் பட்டியலும் வங்கிக் கடிதமும் சேர்ந்ததுதான் என்பதை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் பின்னால் அவர் செய்த காரியங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

ஏனென்றால், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2012-இல், கெவின் ஹாரிசனுடன் சேர்ந்து சென்ட்ரல் எஃப்.சி. என்ற கிளப்பைத் தொடங்கினார். அநியாயம் பட்ட ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் விளையாட்டை விட்டே ஒதுங்கிவிடுவார்கள். சிலர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து விமர்சனம் செய்வார்கள், அதிலும் தவறில்லை. இவர் நிர்வாகத்தில் குதித்தார். அதுவும் எங்கே? தலைநகரில் இல்லை. மத்திய ட்ரினிடாடில், கூவாவில். கரும்பு பூமி. 1845-இல் தொடங்கி 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் பகுதி. பெரும்பாலான கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து போனாலும், எங்கள் மதராஸ் துறைமுகத்திலிருந்தும் சில போயின. 2003-இல் அரசின் கரோனி சர்க்கரை நிறுவனம் மூடப்பட்ட பிறகு வேலை வாய்ப்பு சுருங்கிப்போன வட்டாரம். அங்கே போய், ஏட்டோ போல்டன் அரங்கத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஒரு தொழில்முறை அணியை நட்டு வளர்த்தார்.

அது வளர்ந்த வேகம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2014-15, 2015-16, 2016-17 என்று தொடர்ந்து மூன்று முறை உங்கள் நாட்டின் தொழில்முறை லீக்கான ப்ரோ லீக் பட்டம். 2015-லும் 2016-லும் கரீபியன் கிளப் கோப்பை. லெவி கார்சியா என்ற பையன் அங்கிருந்துதான் நெதர்லாந்தின் அல்க்மாருக்குப் போனான். பிறகு ஏதென்ஸ், மாஸ்கோ என்று இன்று உங்கள் தேசிய அணியின் முகமாகவே இருக்கிறான். அவன் வந்தது தென்மேற்கு ஓரத்து சாண்டா ஃப்ளோரா என்ற சின்ன ஊரிலிருந்து. ஒரு கிளப் சரியாக நடந்தால் ஒரு தீவின் ஓரத்துப் பையனுக்கு ஐரோப்பா எவ்வளவு பக்கத்தில் வந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா?

பிறகு 2015 பிப்ரவரியில் அவரை விளையாட்டுத் துறை அமைச்சராக்கினார் பிரதமர் கமலா பெர்சாத்-பிசேசர். இந்த இடத்தை நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன். அதே அரசின் அமைச்சரவையில் 2013 ஏப்ரல் வரை உட்கார்ந்திருந்தவர் ஜாக் வார்னர். வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் கால்பந்துக் கூட்டமைப்பான கான்ககாஃபின் நேர்மைக் குழு, மகோயாவில் கட்டிய பெரிய விளையாட்டு மையத்தின் நிலம் கால்பந்து அமைப்பின் பெயரில் இல்லை, வார்னரின் நிறுவனங்களின் பெயரில் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்த பிறகுதான் அவர் பதவி விலகினார். இரண்டு வருஷம் கழித்து, கணக்குக் கேட்டதற்காக ஒதுக்கப்பட்ட வீரன் அதே அமைச்சரவை மேஜையில் வந்து அமர்கிறான். மூன்று மாதத்தில், மே 27 காலை, சூரிச் ஹோட்டலில் ஃபிஃபா அதிகாரிகள் கைதாகிறார்கள். அமெரிக்கக் குற்றப்பத்திரிகையில் வார்னர் பெயரும் இருக்கிறது. செப்டம்பரில் ஃபிஃபா அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கிறது. வார்னர் குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அமைச்சராக சாஞ்சோ இருந்தது ஏழு மாதம்தான். செப்டம்பர் தேர்தலில் அந்த ஆட்சி போனது. ஏழு மாதத்தில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்? நான் அந்தக் கணக்கைப் போடவில்லை. பிறகு ப்ரோ லீக்கின் இடைக்காலத் தலைவராகவும் அவர் இருந்தார். லீக் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அரசு மானியம் குறைந்து, கிளப்புகள் சம்பளம் கொடுக்கத் திணறி, பெருந்தொற்றில் அப்படியே நின்றுபோனது. 1999-இல் தொடங்கிய லீக் அது. 2023-இல்தான் புதிய பெயரில் மறுபடி முதல் நிலை ஆட்டங்கள் தொடங்கின.

சாஞ்சோவை நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. கிளப்பை நிறுவியவரே அமைச்சராகவும், பிறகு லீக்கின் தலைவராகவும் இருந்தால், கேள்வி வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். அவர் நேர்மையானவர் என்று நான் நினைப்பது வேறு. ஒரு நாற்காலியில் உட்காருகிறவரின் நேர்மையை நம்பி அந்த நாற்காலியைச் செய்யக் கூடாது. அதைத்தான் அவர் வாழ்க்கையிலிருந்து நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வருகிறேன். தன் அணி சம்பாதித்த பணம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு வீரன் கண்டம் தாண்டி வழக்குப் போட வேண்டியிருந்தது. ஒழுங்கான கிளப் ஒன்றைப் பார்க்க அதை அவனே கட்ட வேண்டியிருந்தது. மேஜைக்கு அந்தப்புறம் என்ன நடக்கிறது என்று பார்க்க அமைச்சராக வேண்டியிருந்தது. எத்தனை பேரால் இது முடியும்? எங்கள் இடதுகால்காரனால் முடியவில்லை.

ஆகவே, ஐயா, அம்மா, என் கோரிக்கைகள் இவை.

தேசிய அணி, ஆண்களோ பெண்களோ பதினேழு வயதுப் பிள்ளைகளோ, எந்தப் போட்டிக்குக் கிளம்பினாலும் விமானம் ஏறும் முன்பே பங்கு எவ்வளவு என்று எழுத்தில் கையெழுத்தாக வேண்டும். வாய்வார்த்தைக்கு என்ன கதி ஆனது என்று உங்கள் சங்கத்தைவிட அதிகம் அறிந்தவர்கள் உலகிலேயே இல்லை. போட்டி முடிந்து தொண்ணூறு நாளுக்குள் தணிக்கை செய்த வரவு செலவு, ஸ்பான்சர் பெயர் வாரியாக, வீரர்கள் கைக்குப் போக வேண்டும். அவர்கள் கேட்டுப் போகக் கூடாது. நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

நடுவர் மன்றத்துக்குப் போன வீரனை அந்தக் காரணத்துக்காக அணியிலிருந்து நீக்க முடியாது என்று சங்க விதிகளிலேயே ஒரு வரி எழுதுங்கள். பயிற்சியாளர் ஆட்டத் திறனை வைத்து யாரையும் எடுக்கட்டும், விடட்டும். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் வழக்கு நடக்கும் காலத்தில் ஒருவர் விடப்பட்டால், ஏன் என்று எழுத்தில் காரணம் சொல்லும் கடமை இருக்கட்டும். எங்கள் மூன்று பேருக்கு அந்த ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

முன்னாள் வீரர்களைக் கௌரவ விருந்தினராக மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தும் பழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு. அது வேண்டாம். வீரர்கள் தாங்களே தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதிகளுக்கு நிர்வாகக் குழுவில் வாக்குரிமை கொடுங்கள். அதில் ஒருவராவது பெண்கள் அணியில் ஆடியவராக இருக்கட்டும். கூடவே, கிளப்பில் பங்கு வைத்திருப்பவர் எந்தத் தீர்மானத்தில் வாக்களிக்கலாம், எதில் வெளியே போய் நிற்க வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். சாஞ்சோ போன்றவர்களைக் காப்பாற்றவும் அது தேவை.

இதையெல்லாம் ஃபிஃபா பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். 2019 நவம்பரில், உங்கள் சங்கத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, கூவாவில் 'கால்பந்து இல்லம்' திறக்க ஃபிஃபா தலைவரே வந்தார். நான்கு மாதம் கழித்து, தேர்தலில் வென்று வந்த நிர்வாகத்தைக் கலைத்துத் தானே ஒரு குழுவை நியமித்தது ஃபிஃபா. நீதிமன்றத்துக்குப் போனதற்காக 2020 செப்டம்பரில் உங்கள் நாட்டையே இரண்டு மாதம் இடைநீக்கம் செய்தது. கடனும் குழப்பமும் இருந்தது உண்மைதான். ஆனால் மகோயாவில் பணம் வேறு பெயருக்குப் போன வருஷங்களில் இந்தச் சுறுசுறுப்பு எங்கே போயிருந்தது? உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே திறந்து வைத்திருந்தால்தான், வெளியிலிருந்து வந்து பூட்டுப் போட யாருக்கும் சாக்குக் கிடைக்காது.

2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்று, மிகச் சிறிய நாடு என்ற உங்கள் பழைய பெருமையை எல்லாம் தாண்டிப் போயிருக்கிறது குராசாவ் தீவு. தகுதிச் சுற்றில் உங்கள் பிரிவில் உங்களோடு ஆடிய அணி. 1,316 டாலரை எடுத்துக் கொடுத்த ஹைத்தியின் ஆண்கள் அணியும் தகுதி பெற்றது. ஒன்றரை லட்சம் பேர் உள்ள குராசாவால் முடிந்தபோது உங்களால் முடியாதா? சாஞ்சோவின் அணியைப் பார்த்துப் பந்தைத் தொட்ட பிள்ளைகள்தான் இன்று உங்கள் சட்டையைப் போட்டிருக்கிறார்கள். அவர்களிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. 2006-இன் முழுக் கணக்கையும், கைக்குக் கிடைக்கும் எல்லா ரசீதோடும் வெளியிடுங்கள். இருபது வருஷம் ஆகிவிட்டது. யாரையும் சிறைக்கு அனுப்புவதற்காக நான் கேட்கவில்லை. அந்தப் பதின்மூன்று பேரும் பேராசைக்காரர்கள் என்று அச்சில் வந்தது அப்படியே இருக்கிறது. கணக்கும் அச்சில் வரட்டும். அதன் முதல் பிரதியைக் கூவாவுக்குக் கொண்டுபோய் சாஞ்சோவின் கையிலேயே கொடுங்கள். எட்டுக் காசு எப்படி வந்தது என்று அவர் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
மிகுந்த அன்புடன்,
வட சென்னையிலிருந்து ஒரு பழைய ஸ்டாப்பர் பேக்